பிளிட்ஸ் கிராண்ட் மாஸ்டரைப் பின்பற்றிய கீழக்கரை மாணவர்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்புலம்

இந்த மாணவருக்கு அப்போது 14 வயது. ஒன்பதாம் வகுப்பு முடிக்கும் தறுவாய். ஊர் கீழக்கரை. வாப்பா துபாயில் வேலை பார்க்கிறார். வீட்டில் உம்மாவும் ஒரு தங்கையும். கடைத்தெருவில் கடை வைத்திருக்கும் தாய்மாமாதான் பள்ளிக்கூடம், போட்டி என்று எல்லாவற்றுக்கும் கூட வருபவர். பெயர்களை எங்கும் தரவில்லை.

2022 ஜூலை, ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது, வேட்டி கட்டிய குதிரை ‘தம்பி’யின் படம் தமிழ்நாட்டில் ஒட்டாத சுவர் இல்லை. அந்த அலையில் செஸ் கற்றுக்கொண்ட ஆயிரக்கணக்கான பிள்ளைகளில் இவரும் ஒருவர். பள்ளியில் ஆசிரியர் காய் நகர்த்தச் சொல்லிக்கொடுத்தார். மிச்சத்தை வாப்பா அனுப்பிய போன் சொல்லிக்கொடுத்தது.

எங்கள் கரையோர ஊர்களில் இது தவிர்க்க முடியாதது என்றே சொல்வேன். தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், ஏர்வாடி எங்கே பார்த்தாலும் இதே கதைதான். ஒரு பிள்ளை கொஞ்சம் நன்றாக ஆடத் தொடங்கியதும், எதிரே உட்கார ஆள் இல்லாமல் போய்விடும். ராமநாதபுரத்துக்கு வந்தால் நாலைந்து பேர் கிடைப்பார்கள். ஆட்டக்காரரின் பலத்தை எண்ணால் சொல்லும் ரேட்டிங் கிடைக்கும் போட்டி வேண்டுமென்றால் பெரும்பாலும் மதுரைக்கோ அதற்கு அப்பாலோ போக வேண்டும். விடிவதற்குள் பஸ் பிடித்து, தூக்கக் கலக்கத்தோடு முதல் சுற்றில் உட்கார வேண்டும். போனில் அப்படியில்லை. பொத்தானைத் தட்டினால் மூன்று விநாடியில் பலமான எதிராளி ஒருவர் வந்து உட்கார்ந்துவிடுவார். இந்தப் பிள்ளைகளுக்கு ஆளுக்குச் சில நிமிடங்களே கிடைக்கும் ஆன்லைன் பிளிட்ஸ் ஆட்டம் பொழுதுபோக்கு மட்டும் இல்லை, கிடைக்கும் ஒரே பலமான ஆட்டமும் அதுதான். பின்னால் எடுத்த முடிவுகளுக்கு இது முக்கியம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செஸ் பயிற்சியாளரான என்னிடம் வந்தபோது அவருடைய ஆன்லைன் பிளிட்ஸ் ரேட்டிங் 2100ஐத் தாண்டியிருந்தது. உலகச் செஸ் சம்மேளனமான ஃபிடே தரும் கிளாசிக்கல் (நீண்ட நேர ஆட்ட) ரேட்டிங் 1500களில் இருந்து, போட்டிக்குப் போட்டி சரிந்துகொண்டிருந்தது. இரண்டும் வேறு வேறு அளவுகோல்கள், நேராக ஒப்பிடக்கூடாது. ஆனாலும் இவ்வளவு இடைவெளி வழக்கமில்லை. மாமா புகாரோடுதான் வந்தார். “போன்ல வெள்ளைக்காரனை எல்லாம் ஜெயிக்கிறான் சார். மதுரைக்குப் போனா பத்து வயசுப் புள்ளைகிட்ட தோத்துட்டு வர்றான். போனைப் புடுங்கிறவா?”

மாணவர் யாரைப் பார்த்து ஆடினார்

அவருடைய ஆதர்சம் அமெரிக்க கிராண்ட் மாஸ்டர் ஹிகாரு நகமுரா. 1987இல் ஜப்பானில் பிறந்து, இரண்டு வயதில் அமெரிக்கா போனவர். 2003இல், 15 வயதில் கிராண்ட் மாஸ்டர் ஆனார். பாபி ஃபிஷர் வைத்திருந்த அமெரிக்கச் சாதனை அதோடு உடைந்தது. ஐந்து முறை அமெரிக்கச் சாம்பியன். ஆன்லைன் பிளிட்ஸ் என்றதும் உலகம் முழுக்க முதலில் நினைவுக்கு வரும் ஓரிரு பெயர்களில் ஒன்று. அவருக்குப் பயிற்சி கொடுத்த வளர்ப்புத் தந்தை சுனில் வீரமந்திரி இலங்கைக்காரர். ‘நம்ம எதிர்க்கரை ஆளு’ என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அவருடைய பிளிட்ஸ் ஆட்டங்களை நானும் நிறையப் பார்த்திருக்கிறேன். பார்க்கிறவர் கண்ணில் முதலில் படுவது வேகம். தொடக்க நகர்த்தல்களை யோசிக்காமலே வைப்பதுபோல் இருக்கும். நேரலையில் பேசிக்கொண்டே ஆடுவார். கடினமான இடத்தில் பலகையை விட்டுக் கண்ணை எடுத்து மேலே கூரையைப் பார்த்துக் கணக்குப் போடுவார். சில நாள் முதல் நகர்த்தலாகவே பி3 (‘பி’ வரிசைச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளுவது) வைத்து மந்திரியை ஓரத்தில் கொண்டுவருவார். சில நாள் வேடிக்கைக்கு ராஜாவையே இரண்டாம் நகர்த்தலில் நடக்கவிடுவார். தோற்றால் முகம் மாறாமல் அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடுவார். சமமாகிவிட்ட இறுதி ஆட்டத்தைக்கூட டிராவுக்கு விடாமல் இழுத்து, எதிராளியின் கடிகாரத்தைக் கரைத்து ஜெயிப்பார்.

கண்ணில் படாத பகுதி வேறு. மூன்று நிமிட ஆட்டத்தில் கையில் இருப்பது 180 விநாடி. 60 நகர்த்தல் போகும் ஆட்டத்தில் ஒரு நகர்த்தலுக்குச் சராசரியாக மூன்று விநாடி. அவர் அதை அப்படிச் சமமாகப் பங்கிடுவதில்லை. பல ஆண்டுகளாக மனப்பாடமான நிலைகளில் ஒரு விநாடிகூடச் செலவழிக்காமல் சேர்த்து, ஆட்டம் திரும்பக்கூடிய ஓரிரு இடங்களில் பத்து, பதினைந்து விநாடி என்று கொட்டுவார். நாம் வேகம் என்று பார்ப்பது உண்மையில் சேமிப்பு. இறுதி ஆட்டத்தை இழுத்து ஜெயிப்பதற்கும் துணிச்சல் மட்டும் போதாது. யானை இறுதி ஆட்டங்களில் எது வெற்றி, எது டிரா என்று விரல் நுனியில் இருந்தால்தான் தோற்காமல் இழுக்க முடியும்.

அந்த ராஜா நடைக்கும் ஒரு சூழல் உண்டு. 2021 மார்ச்சில் ஓர் ஆன்லைன் போட்டியில் அப்போதைய உலகச் சாம்பியன் மேக்னஸ் கார்ல்சனும் நகமுராவும் ஒருவருக்கொருவர் ராஜாவை இரண்டாம் நகர்த்தலில் முன்னே வைத்து, சிரித்துக்கொண்டே சில நகர்த்தல்களில் டிரா செய்தார்கள். இருவருமே அடுத்த கட்டத்துக்குத் தகுதி பெற்றிருந்ததால் அந்த ஆட்டத்தின் முடிவு எதையும் மாற்றப்போவதில்லை. நம் மாணவர் அந்தத் துண்டுக் காணொளியை மனப்பாடமாக வைத்திருந்தார். அது எந்தச் சுற்றில், என்ன நிலைமையில் நடந்தது என்று கேட்டால் தெரியவில்லை.

இன்னொரு விஷயத்தையும் அவர் எடுத்துக்கொண்டிருந்தார்: ஈ4, ஈ5 (இருவரும் ராஜாவுக்கு முன்னாலுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவது), உடனே ராணியை எச்5க்குக் கொண்டுபோவது. நகமுரா இதைப் போனில் மட்டும் ஆடவில்லை. 2005இல் ஐரோப்பாவில் நடந்த ஒரு கிளாசிக்கல் போட்டியிலும் ஆடியிருக்கிறார். அன்று எதிரே உட்கார்ந்திருந்தவர் சென்னையின் கிராண்ட் மாஸ்டர் கிருஷ்ணன் சசிகிரண். நீண்ட ஆட்டம், ஜெயித்தது சசிகிரண்.

கவனித்தவை

முதலில் எதுவும் சொல்லாமல், அவர் போனில் ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கை அசாத்திய வேகம். எதிராளியின் கடிகாரம் ஓடும்போதே இவருடைய விரல் அடுத்த காயை நகர்த்தி வைத்துவிடுகிறது. இதை ப்ரீமூவ் என்பார்கள்: எதிராளி ஆடுவதற்கு முன்பே நம் பதிலைப் பதிந்துவைப்பது. நேரம் ஏறக்குறைய செலவாகாது. பலமான ஆட்டக்காரர்கள் இதை வைக்கும் இடம் தெரிந்தது. எதிராளி வெட்டினால் நாமும் வெட்டியே ஆக வேண்டிய இடம், அல்லது கடைசிச் சில விநாடிகள். இவர் எல்லா இடத்திலும் வைத்தார். நடுவில் நிறுத்தி, “தம்பி, அவர் கடைசியா என்ன ஆடினாரு?” என்று கேட்டேன். திரையைத் திரும்பப் பார்த்துத்தான் சொன்னார். அந்த நகர்த்தல் எதைத் தாக்குகிறது என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

அடுத்து, கோடை விடுமுறையில் மதுரையில் ஒரு கிளாசிக்கல் போட்டி. ஆளுக்கு 90 நிமிடம், நகர்த்தலுக்கு 30 விநாடி கூடுதல். நகர்த்தல்களைக் குறிக்கும் தாளில் ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பக்கத்திலும் கடிகாரத்தில் மிச்சமுள்ள நேரத்தையும் எழுதச் சொல்லியிருந்தேன். விதி இதை அனுமதிக்கிறது.

ஒரு சுற்றில் வெள்ளைக் காய்கள். எதிரே தன்னைவிட வயதில் சின்னப் பெண். ஈ4, ஈ5, ராணி எச்5. அந்தப் பெண் குதிரையை சி6இல் வைத்தார். இவர் மந்திரியை சி4க்குக் கொண்டுவந்து எஃப்7இல் மாட் (ராஜா தப்ப முடியாமல் ஆட்டத்தை முடிக்கும் செக்) மிரட்டினார். ஜி6 வந்தது. ராணி எஃப்3க்கு இறங்கி அதே மாட்டைத் திரும்ப மிரட்டியது. குதிரை எஃப்6இல் வந்து தடுத்தது. இதுவரை எல்லோரும் ஆடுவதுதான். ஐந்தாம் நகர்த்தலில் இவர் ராணியை பி3க்குத் தள்ளி, எஃப்7ஐ மூன்றாம் முறையாகக் குறிவைத்தார். போனில் இதற்கு ஏராளமானோர் விழுந்திருக்கிறார்கள்.

அந்தப் பெண் கன்னத்தில் கை வைத்து நெடுநேரம் யோசித்தார். நம் மாணவர் எழுந்து பக்கத்துப் பலகைகளை வேடிக்கை பார்க்கப் போய்விட்டார். திரும்பி வந்தபோது சி6 குதிரை டி4இல் நின்றுகொண்டு ராணியைத் தாக்கியது. உட்காரும்போதே கை மந்திரியின் மேல். எஃப்7 சிப்பாயை வெட்டிச் செக். ராஜா ஈ7க்கு நகர்ந்தது. இப்போது ராணியும் தப்ப வேண்டும், மந்திரிக்குக் காவலும் விடக்கூடாது. ராணி சி4க்கு வந்தது. அந்தப் பெண் பி5 சிப்பாயைத் தள்ளி ராணியைத் திரும்பவும் தாக்கினார். அந்த மூலைவிட்டத்தில் ராணிக்குப் பத்திரமான கட்டம் ஒன்றுகூட இல்லை. பி3இல் டி4 குதிரை வெட்டும், டி5இல் எஃப்6 குதிரை வெட்டும். சி5இலிருந்து செக் கொடுத்தால் டி6 சிப்பாய் மறித்து, அதுவே ராணியைத் தாக்கும். மந்திரி போயிற்று.

குறிப்புத் தாளில் அந்த இடத்தில் எழுதியிருந்த நேரம் 92 நிமிடத்துக்குச் சற்று மேல். அதாவது ஆட்டம் தொடங்கும்போது இருந்ததைவிட அதிகம். நகர்த்தலுக்கு 30 விநாடி கூடிக்கொண்டே வர, இவர் செலவழித்ததோ அதில் பாதிதான். தோல்வியைவிட எனக்கு இந்த எண்தான் பெரிதாகப் பட்டது. மாமாவிடம் காட்டியபோது, அவர் முதலில் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்!

அதே போட்டியில் வேறொரு சுற்று. கோட்டை கட்டும்போது இரண்டு கையாலும் ராஜாவையும் யானையையும் ஒரே நேரத்தில் பிடித்து மாற்றி, கடிகாரத்தைத் தட்டிவிட்டார். போனில் ஒரு தட்டில் முடிகிற வேலை. பலகையில் ஒரு கையால்தான் செய்ய வேண்டும். முதலில் ராஜாவை நகர்த்த வேண்டும். இரண்டு கையால் செய்து கடிகாரத்தை அழுத்தினால் விதிமீறல் நகர்த்தலாகக் கணக்காகும். ஆர்பிட்டர், அதாவது நடுவர், வந்து எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூட்டிக்கொடுத்தார். அதே ஆட்டத்தில் இரண்டாம் முறை செய்தால் ஆட்டமே போய்விடும் என்று எச்சரித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்தச் சுற்று முழுக்க மாணவரின் கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

வீட்டில் நடப்பதை உம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நோன்பு மாதத்தில் இரவு தராவீஹ் தொழுகை முடிந்து வந்தால், விடிவதற்கு முன் சாப்பிடும் ஸஹர் சாப்பாடு வரைக்கும் தூங்குவதில்லை. வீடே விழித்திருக்கும் மாதம், அதனால் யாருக்கும் வித்தியாசமாகத் தோன்றவில்லை. நோன்பு முடிந்தும் அந்த நேரம் மாறவில்லை என்பதுதான் சிக்கல். ஆட்ட வரலாற்றை எடுத்துப் பார்த்தால், தோற்றதும் அடுத்த விநாடியே அடுத்த ஆட்டம், அதுவும் தோற்றால் இன்னொன்று. நள்ளிரவுக்குப் பிறகு தொடர்ந்து தோற்ற ஆட்டங்கள் வரிசையாக இருந்தன. எதையும் திரும்பப் பார்த்த தடயம் இல்லை. நகமுரா தோற்றதும் அடுத்த ஆட்டத்துக்குப் போவதைப் பார்த்தவர், அதைப் பழக்கமாகவே எடுத்துக்கொண்டிருந்தார். ஒருவர் அலட்டிக்கொள்ளாமல் நகர்கிறார், இன்னொருவர் ஆத்திரத்தில் நகர்கிறார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

போனைப் பிடுங்குவது என்ற மாமாவின் யோசனையை ஏற்கவில்லை. அவர் 2024இல் உலகச் சாம்பியன் ஆன சென்னையின் குகேஷை உதாரணம் காட்டினார். குகேஷின் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா நெடுங்காலம் சிறந்த நகர்த்தலைக் கணித்துச் சொல்லும் கணினி எஞ்சினையே தொடவிடவில்லை என்பது எல்லோரும் படித்த செய்தி. உண்மைதான். ஆனால் இன்னொரு தமிழ்நாட்டுப் பிள்ளையும் இருந்தார். சென்னையில் சோவியத் கலாச்சார மையத்தில் இயங்கிய டால் செஸ் கிளப்பில், ஜெயித்தவர் நாற்காலியில் இருப்பார், தோற்றவர் எழுந்து வரிசைக்குப் போவார் என்ற முறையில் பிளிட்ஸ் ஆடி ஆடி வளர்ந்த விஸ்வநாதன் ஆனந்த், 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டர் ஆனார். பெரிய ஆட்டக்காரரின் வாழ்க்கையிலிருந்து நமக்கு வசதியான துண்டை எடுத்துப் பிள்ளையின் தலையில் அடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அதோடு, போனைப் பிடுங்கினால் கீழக்கரையில் இவர் யாரோடு ஆடுவார்? அந்தக் கேள்விக்கு மாமாவிடமும் பதில் இல்லை.

மாணவரின் கேள்வி நியாயமாகவே இருந்தது. “சார், நகமுராவும் சின்ன வயசுலேர்ந்து ஆன்லைன்ல வேகமா ஆடி வந்தவர்தானே? அவருக்கு மட்டும் எப்படி சரியா வருது?”

வாயால் பதில் சொல்லவில்லை. 2024 ஏப்ரலில் டொராண்டோவில் நடந்த, உலகச் சாம்பியனோடு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியின் கடைசிச் சுற்றை எடுத்து வைத்தேன். வெள்ளைக் காய்களில் நகமுரா, எதிரே குகேஷ். நகமுராவுக்கு வெற்றி கட்டாயம். அந்தப் போட்டியில் முதல் 40 நகர்த்தலுக்கு ஆளுக்கு இரண்டு மணி நேரம், கூடுதல் விநாடியே கிடையாது. வாழ்நாளில் மிகப் பெரிய ஆட்டங்களில் ஒன்று என்றபோது, அவர் ராணியை இரண்டாம் நகர்த்தலில் வெளியே எடுக்கவில்லை, ராஜாவை நடக்கவிடவில்லை. உட்கார்ந்து யோசித்தார். ஆட்டம் டிரா ஆனது, குகேஷ் போட்டியை வென்றார். மாணவர் இதுவரை பார்த்திருந்தது அவருடைய மூன்று நிமிட ஆட்டங்களை மட்டும்தான்.

அதன் பிறகு சேர்ந்து முடிவு செய்தவை சில. ஆப்பின் அமைப்பில் ப்ரீமூவை அணைத்துவிடுவது. மூன்று நிமிட ஆட்டத்துக்குப் பதிலாக, நகர்த்தலுக்கு மூன்று விநாடி கூடும் ஐந்து நிமிட ஆட்டம். விநாடி கூடும்போது கடிகாரத்தைக் கரைத்து ஜெயிக்கும் வழி அடைபடும், நிலையில்தான் ஜெயிக்க வேண்டும். எதிராளி ஆடியதும் ‘இது எதைத் தாக்குது, எதை விட்டுட்டுப் போகுது’ என்று இரண்டு கேள்விகளை முணுமுணுத்துவிட்டு அதன் பிறகே கையை எடுப்பது. அதுவரை இரண்டு கையும் தொடைக்கு அடியில். தோற்ற ஆட்டத்தைப் பார்த்து முடித்த பின்னரே அடுத்தது. இஷா எனும் இரவுத் தொழுகைக்குப் பிறகு போன் உம்மாவிடம்.

பி3 தொடக்கத்தைத் தடுக்கவில்லை. அது நேர்மையான தொடக்கம், அதன் பின்னால் படிக்க நிறைய இருக்கிறது. ராணி எச்5ஐ மட்டும் கிளாசிக்கல் ஆட்டத்தில் வைப்பதில்லை என்று அவரே சொன்னார். சொல்லவைக்க வேண்டிய அவசியம் வரவில்லை, மதுரைப் பெண் ஏற்கெனவே சொல்லிக்கொடுத்திருந்தார்.

வாரத்தில் ஒரு வகுப்பு முழுக்க இறுதி ஆட்டங்களுக்கு ஒதுக்கினோம். நகமுராவிடமிருந்து உண்மையிலேயே எடுத்துக்கொள்ள வேண்டியது எது என்று கேட்டால், மோசமான நிலையிலும் கைவிடாமல் ஆடும் பிடிவாதத்தைத்தான் சொல்வேன். இந்த மாணவரிடம் அது கொஞ்சம் இருந்தது. அதற்குத் தேவையான சரக்குதான் இல்லை.

இவற்றில் எதையும்விட நன்றாக வேலை செய்தது நான் எதிர்பாராத ஒன்று. வாப்பாவும் இளமையில் செஸ் ஆடியவர் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. அப்புறம், அப்பனும் மகனும் ஒரு ஆட்டம் தொடங்கினார்கள். ஒரு நகர்த்தலுக்கு மூன்று நாள் அவகாசம், எஞ்சின் உதவி கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. “முன்னெல்லாம் சாப்டியா, தொழுதியா, படிச்சியான்னு மூணு கேள்வியோட போன் முடிஞ்சிரும் சார். இப்ப குதிரையை ஏன் அங்க வெச்சேன்னு அரை மணி நேரம் சண்டை போடுறோம்,” என்றார் துபாயிலிருந்து.

பிறகு நடந்தது

முதலில் எல்லாம் கெட்டது. ப்ரீமூவை அணைத்ததும் ஆன்லைன் ரேட்டிங் 1900களுக்கு இறங்கியது. அவருக்கு அந்த எண்தான் ஊரில் இருந்த மரியாதை. நண்பர்கள் கிண்டல் செய்தார்கள். ஒருநாள் வகுப்புக்கு வரவில்லை. மாமா போய்க் கேட்டதில், இரவு வேறொரு பெயரில் கணக்குத் தொடங்கி விடியவிடியப் பழைய மூன்று நிமிட ஆட்டம் ஆடியிருக்கிறார். திட்டவில்லை. இஷாவுக்குப் பிறகு போன் எப்படிக் கையில் வந்தது என்று உம்மாவோடு பேசி, அந்த ஓட்டையை அடைத்தோம்.

அடுத்த போட்டியில் மறுபக்கம் சாய்ந்தார். நல்ல நிலையில், ஒரே நகர்த்தலுக்கு முக்கால் மணி நேரம் யோசித்து, கடைசியில் கூடும் 30 விநாடிகளிலேயே உயிர்வாழும் நிலைக்கு வந்து தோற்றார். வேகத்தைக் குறை என்று சொன்னால் இது நடக்கும் என்பது பயிற்சியாளர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நேரத்தை எங்கே கொட்டுவது, எங்கே சேமிப்பது என்பதுதான் கற்க வேண்டியது. அதற்கு, குறிப்புத் தாளில் எழுதியிருந்த நேரங்கள் உதவின. ஆட்டத்தைத் திரும்பப் பார்க்கும்போது, நீண்ட நேரம் எடுத்த நகர்த்தல்களைச் சிவப்பு மையில் வட்டமிட்டோம். பாதி இடங்களில் யோசிக்க ஒன்றுமே இல்லை, இரண்டு நகர்த்தலும் சமம். உண்மையில் நின்றிருக்க வேண்டிய இடம் வட்டமே இல்லாமல் போயிருந்தது.

மாற்றத்தை நான் நேரில் பார்த்தது திருநெல்வேலியில் ஒரு போட்டியில். எதிராளியிடம் யானையும் ஒரு சிப்பாயும், இவரிடம் யானை மட்டும். பழைய ஆளாக இருந்தால் செக், செக் என்று கொடுத்துக்கொண்டே போய்த் தோற்றிருப்பார். இவர் ராஜாவைச் சிப்பாய்க்கு முன்னால் நிறுத்தி, யானையைத் தன் பக்கத்திலிருந்து மூன்றாவது வரிசையில் வைத்து, அந்த வரிசையிலேயே இடமும் வலமுமாக நகர்த்திக்கொண்டு காத்திருந்தார். எதிராளி ராஜா அந்தக் கோட்டைத் தாண்ட முடியவில்லை. வேறு வழியில்லாமல் சிப்பாய் அந்த வரிசைக்கு வந்த அடுத்த நகர்த்தலில், யானை பலகையின் மறுகோடிக்குப் போய்ப் பின்னாலிருந்து செக் கொடுக்கத் தொடங்கியது. முன்னால் ஒளிய இடமில்லாத ராஜாவுக்கு அதிலிருந்து தப்ப வழியில்லை. 18ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சின் ஃபிலிடார் காட்டிய தற்காப்பு. டிரா. அந்த ஆட்டம் முழுக்க அவருடைய கை, காயைத் தொடும் நேரம் தவிர, மேசைக்கு மேலே வரவே இல்லை.

ரேட்டிங் சரிவு நின்றது. மெல்ல ஏறவும் தொடங்கியிருக்கிறது, பெரிதாக இல்லை. மாவட்டத் தேர்வுப் போட்டியில் இந்த முறை இடம் கிடைக்கவில்லை. ஆன்லைன் எண் பழைய இடத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, இந்த முறை ப்ரீமூவ் இல்லாமல். காலை வகுப்பில் தூங்குவது குறைந்திருப்பதாகப் பள்ளியில் சொல்கிறார்கள். மாமா இன்னும் எல்லாவற்றுக்கும் போன்தான் காரணம் என்கிறார். நாங்கள் இருவரும் அதில் ஒத்துப்போகப் போவதில்லை.

இனி மாற்றிச் செய்வது

இந்த மாதிரி மாணவர் வந்தால், முதல் வகுப்பிலேயே ஆட்டங்களை நேரத்தோடு சேர்த்துக் கேட்பேன். நகர்த்தல்களை மட்டும் பார்த்தால் ‘திறமைக் குறைவு’ என்று தெரியும் ஆட்டம், நேரத்தோடு பார்த்தால் முற்றிலும் வேறாகத் தெரிகிறது. ஆன்லைன் ஆட்டங்களில் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் நேரம் பதிவாகியிருக்கும், எடுப்பது சுலபம்.

ப்ரீமூவை ஒரேயடியாக அணைப்பதற்குப் பதிலாக, முதலில் ஒரு வாரம் போனுக்குப் பக்கத்தில் மரப் பலகையை வைத்து, திரையில் ஆடுவதற்கு முன் பலகையில் ஆடச் சொல்லலாம். வேறு இரண்டு பிள்ளைகளிடம் இப்போது அப்படித்தான் தொடங்கியிருக்கிறோம். கை தானாகவே மெதுவாகிறது, கோட்டை கட்டுவதும் ஒரு கைக்குப் பழகிவிடுகிறது, ரேட்டிங் இறங்கிய கசப்பும் அவ்வளவாக இல்லை. நேரம் பத்தாமல் தோற்பார்கள், அதை முன்கூட்டியே வீட்டில் சொல்லிவிட வேண்டும்.

போட்டிக்கு முந்தைய இரவு மதுரையில் தங்க முடியுமா என்று பார்க்க வேண்டும். விடிகாலை பஸ்ஸில் வந்து இறங்கும் பிள்ளையிடம் நிதானத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து அறை எடுத்தால் செலவு தாங்கும். கீழக்கரையிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் வரும் பெற்றோரிடம் இதைப் பேசியிருக்கிறோம். அடுத்த விடுமுறைப் போட்டிக்கு நான்கு பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்று நிமிட ஆட்டத்தை எப்போது திரும்பத் தருவது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. மாணவர் ஒவ்வொரு வாரமும் கேட்கிறார். வாப்பாவோடு நடக்கும் ஆட்டத்தை ஜெயித்துவிட்டு வந்து கேள் என்று சொல்லியிருக்கிறேன். அதில் இப்போது வாப்பாவுக்கு ஒரு சிப்பாய் அதிகம்.